விற்ற பாட்டும் விற்காத பாணியும்: ஜான் ஃபோகெர்ட்டியின் இசை வாழ்வு எழுப்பும் உடைமைக் கேள்வி

கேள்வி

தான் எழுதிய பாடலைத் தானே திருடிவிட்டார் என்று ஒரு பாடகர்மீது வழக்குத் தொடுக்க முடியுமா? அமெரிக்கச் சட்டப்படி முடியும். 1985இல் ஜான் ஃபோகெர்ட்டிமீது அப்படித்தான் தொடுத்தார்கள். 1970இல் அவர் எழுதிப் பாடிய 'ரன் த்ரூ த ஜங்கிள்' என்ற பாடலின் பதிப்புரிமை ஃபேண்டஸி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1984 இறுதியில் வேறொரு நிறுவனத்துக்காக அவர் எழுதிப் பாடிய 'தி ஓல்ட் மேன் டவுன் த ரோட்', அந்தப் பழைய பாடலுக்குப் புதுச் சொற்களை மாட்டிவிட்ட நகல் என்பது ஃபேண்டஸியின் குற்றச்சாட்டு.

ராக் இசை வரலாற்று நூல்களில் இந்த வழக்கு ஒரு வேடிக்கைச் செய்தியாகவே பெரும்பாலும் இடம்பெறுகிறது. பேராசை பிடித்த நிறுவன முதலாளி, ஏமாற்றப்பட்ட கலைஞன், இறுதியில் நீதி என்ற வரிசையில் கதை முடிந்துவிடும். அந்தச் சித்திரத்தில் உண்மை நிறைய உண்டு. ஆனால் அது ஒரு முக்கியமான கேள்வியை மூடி மறைக்கிறது. ஒருவர் தம் பாடல்களை எழுதிக் கொடுத்துவிட்டால், அவற்றோடு சேர்ந்து எதுவரை கை மாறுகிறது? மெட்டும் சொல்லும் போகின்றன, சரி. அவற்றை உண்டாக்கிய கைப்பழக்கம், தொண்டையின் கரகரப்பு, கிட்டார் கம்பியை மீட்டும் விதம் ஆகியவையும் போகின்றனவா? ஃபோகெர்ட்டியின் அறுபதாண்டு இசை வாழ்வை இந்தக் கேள்வியை வைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான்கே ஆண்டுகள்

ஃபோகெர்ட்டி 1945இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்து, பக்கத்து ஊரான எல் செரிட்டோவில் வளர்ந்தவர். 1959இல் பள்ளித் தோழர்கள் ஸ்டூ குக், டக் கிளிஃபோர்ட் இருவரோடும் ஒரு குழு தொடங்கினார். அண்ணன் டாம் பிறகு சேர்ந்தார். 1964இல் உள்ளூர் ஜாஸ் நிறுவனமான ஃபேண்டஸியில் ஒப்பந்தமானார்கள். நிறுவனம் அவர்களுக்கு 'தி கோலிவாக்ஸ்' என்று ஒரு பெயர் சூட்டியது. கறுப்பின மக்களைக் கேலிசெய்யும் பொம்மை ஒன்றின் பெயர் அது. குழுவினர் யாருக்கும் பிடிக்கவில்லை. அதே நிறுவனத்தில் இசைத்தட்டுகளைக் கட்டி அனுப்பும் பிரிவில் ஃபோகெர்ட்டி கூலி வேலையும் பார்த்தார். 1967இல் சால் ஸாண்ட்ஸ் சில முதலீட்டாளர்களோடு நிறுவனத்தை வாங்கினார். குழு 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1968இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது.

அதன்பின் நடந்ததற்கு ராக் வரலாற்றிலேயே இணைகள் குறைவு. 1969இல் மட்டும் மூன்று ஆல்பங்கள் வந்தன: 'பயூ கன்ட்ரி', 'கிரீன் ரிவர்', 'வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்'. அடுத்த ஆண்டு மேலும் இரண்டு. பில்போர்டு தரவரிசையில் அவர்களின் தனிப்பாடல்கள் ஐந்து முறை இரண்டாம் இடத்தைத் தொட்டன; முதலிடம் ஒருமுறைகூட வரவில்லை. இந்தப் பாடல்களில் மிகப் பெரும்பாலானவற்றை எழுதியவர், பாடியவர், கிட்டார் வாசித்தவர், தயாரித்தவர் எல்லாம் ஃபோகெர்ட்டி ஒருவரே.

இந்தப் பாடல்களின் நிலம் அமெரிக்கத் தென்பகுதி: லூசியானாவின் சதுப்புகள், மிசிசிப்பி ஆறு, நீராவிப் படகு. எழுதியவரோ வட கலிபோர்னியாக்காரர். 'கிரீன் ரிவர்' பாடலின் ஆறு உண்மையில் கலிபோர்னியாவின் வின்டர்ஸ் ஊரருகே ஓடும் ப்யூட்டா ஓடை. சிறுவயது விடுமுறைகளை அவர் கழித்த இடம் அது. ஹவுலிங் வுல்ஃபின் உறுமல், பாப்ஸ் ஸ்டேபிள்ஸின் நடுங்கும் கிட்டார், லிட்டில் ரிச்சர்டின் அலறல், லெட் பெல்லியின் நாட்டுப்பாடல்கள் என்று இசைத்தட்டிலும் வானொலியிலும் கேட்டவற்றிலிருந்து அவர் தமக்கென ஒரு தென்னகத்தைக் கட்டிக்கொண்டார். 'சதுப்பு ராக்' என்று பின்னர் பெயர் பெற்ற அந்தப் பாணிதான் வழக்கின் மையப் பொருளாகப் போகிறது. அது கடனாகப் பெற்ற ஒலிகளால் ஆனது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தமும் அதன் விலையும்

இளவயதில் குழு கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் மூன்று வகையில் கட்டிப்போட்டன. பாடல்களின் பதிப்புரிமை ஃபேண்டஸியின் துணை நிறுவனத்துக்குப் போனது. மூல ஒலிப்பதிவுகளும் நிறுவனத்தின் சொத்தாயின. இவற்றுக்கு மேல், ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாடல்களைப் பதிவுசெய்து தர வேண்டும். தராவிட்டால் பாக்கி அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். குழு வெற்றி பெற்றால் நல்ல ஒப்பந்தம் தருவதாக ஸாண்ட்ஸ் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார் என்பது ஃபோகெர்ட்டியின் தரப்பு. எழுத்தில் அப்படி ஒன்று இல்லை.

குழுவின் சேமிப்பை வரிச்சலுகைக்காக பஹாமாஸ் நாட்டின் காசில் வங்கியில் போடும் திட்டத்திலும் நால்வரும் சேர்க்கப்பட்டார்கள். 1970களின் பிற்பகுதியில் அந்த வங்கி சரிந்தபோது பணமும் மறைந்தது. 1971இல் அண்ணன் டாம் விலகினார். 1972 அக்டோபரில் குழு கலைந்தது. ஃபோகெர்ட்டிமீதான பாடல் பாக்கி மட்டும் கலையவில்லை. 1973இல் எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்து, பழைய கன்ட்ரி இசைப் பாடல்களைத் தொகுத்து 'தி புளூ ரிட்ஜ் ரேஞ்சர்ஸ்' என்ற பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டார். உறையின் முகப்பில் அவர் பெயர் இல்லை. 1975இல் ஒரு தனி ஆல்பம் வந்தது. அடுத்த ஆண்டின் 'ஹூடு' வெளிவராமலே கிடப்பில் போடப்பட்டது. கடைசியில் ஒப்பந்தத்திலிருந்து விடுபடுவதற்காக, கிரீடன்ஸ் இசைத்தட்டுகள் விற்பதில் தமக்கு வரவேண்டிய கலைஞர் ராயல்டியையே அவர் விட்டுக்கொடுத்தார்.

1976இல் வெளியான 'கிரானிக்கிள்' தொகுப்பு பல நூறு வாரங்கள் பில்போர்டு பட்டியலில் இடம்பெற்று இன்றும் விற்கிறது. அதில் ஒலிக்கும் குரலுக்கு உரியவருக்கு நெடுங்காலம் அந்த விற்பனையில் கலைஞர் பங்கு இல்லை. ஸாண்ட்ஸ் திரைப்படத் துறைக்குச் சென்று 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்', 'அமேடியஸ்', 'தி இங்கிலிஷ் பேஷண்ட்' என மூன்று படங்களுக்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பெற்றார். கிரீடன்ஸ் ஈட்டித் தந்த செல்வம் அந்தப் பயணத்துக்கு அடித்தளமாக இருந்தது. படங்கள் மகத்தானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஃபோகெர்ட்டியின் கசப்பை அளக்க முயல்பவர் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாக வேண்டும்.

பத்தாண்டு மௌனத்துக்குப் பின் 1985 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் வழியாக 'சென்டர்ஃபீல்டு' வந்தது. மீண்டும் எல்லா வாத்தியங்களும் அவருடையவையே. மார்ச்சில் ஆல்பம் முதலிடம் பிடித்தது. அதில் இரண்டு பாடல்கள் ஸாண்ட்ஸைத் தாக்குபவை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றின் தலைப்பிலேயே அவர் பெயரின் ஒலி இருந்தது. சட்ட மிரட்டல் வந்ததும் முதல் எழுத்தை மாற்றினார்கள். ஸாண்ட்ஸ் அவதூறு வழக்குத் தொடுத்தார். பதிப்புரிமை வழக்கு தனியாக வந்தது. ஃபோகெர்ட்டி இந்த மோதலைத் தேடிப் போகவில்லை என்று சொல்ல முடியாது. அவதூறு வழக்கின் விதையை அவரே ஊன்றினார்; பதிப்புரிமை வழக்கு அப்படிப்பட்டதன்று.

சாட்சிக் கூண்டில் கிட்டார்

இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஃபேண்டஸியின் வாதம் முற்றிலும் அபத்தமாகத் தோன்றாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'ரன் த்ரூ த ஜங்கிள்' பின்னோக்கி ஓடவிட்ட ஒலிகளின் மூட்டத்திலிருந்து தொடங்குகிறது. பிறகு ஏறத்தாழ ஒரே கார்டில் நின்று, தாழ்ந்த சுரத்தில் ஒரு பாஸ் முழக்கம். அதன்மேல் மௌத் ஆர்கன். 'தி ஓல்ட் மேன்' கூர்மையான ஒரு கிட்டார் ரிஃப்போடு நேராக இறங்கி, அந்த ரிஃப்பைச் சுற்றியே நகர்கிறது. நடை வேறு, கட்டமைப்பு வேறு. ஆனாலும் இருட்டான மைனர் நிறம், அச்சுறுத்தும் தொனி, சொல்லின் ஈற்றைக் கடித்து வீசும் உச்சரிப்பு ஆகியவற்றால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது செவிக்கு உடனே தெரியும். ஒற்றுமை உண்டா என்பதில் தகராறு இல்லை. அந்த ஒற்றுமை எதற்குச் சொந்தம் என்பதே தகராறு.

1988இல் சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜூரிமுன் விசாரணை நடந்தபோது ஃபோகெர்ட்டி கிட்டாரோடு சாட்சிக் கூண்டில் அமர்ந்தார். தாம் பாடல் எழுதும் விதத்தை, எந்தத் துணுக்கிலிருந்து எப்படி மெட்டு கிளம்புகிறது என்பதை வாசித்துக் காட்டினார். வழக்கறிஞர்களின் விளக்கத்தைவிட இந்தச் செயல்விளக்கம்தான் பொருத்தமான சான்று என்பது என் கருத்து. தாளில் எழுதிய சுரக்குறிப்புகளை ஒப்பிட்டால் பொதுவான சுரங்கள் கண்ணில் படும். கையில் வாத்தியத்தோடு ஒருவர் வாசிக்கும்போது, அந்தப் பொதுச் சுரங்கள் ஒரு பாடலின் தனிச்சொத்தாக இல்லாமல், பல பாடல்களைப் பெற்றெடுத்த கைப்பழக்கமாக வெளிப்படும். ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இதற்கு முன்பே அமெரிக்க நீதிமன்றங்கள் இந்தச் சிக்கலைக் கண்டிருந்தன. 1914இல் ஒரு புகைப்படக் கலைஞரின் வழக்கு வந்தது. 'கிரேஸ் ஆஃப் யூத்' என்ற படத்தின் உரிமையை விற்றபின், அவர் அதே மாதிரிப் பெண்ணை அதே நிலையில் நிறுத்தி, இம்முறை புன்னகைக்கவைத்து, பல்லிடையே ஒரு செர்ரிக் காம்பைக் கொடுத்துப் படமெடுத்து இன்னொருவருக்கு விற்றார். அது உரிமை மீறல் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978இல் ஆல்பர்ட் கில்பர்ட் என்ற பறவை ஓவியரின் வழக்கில் முடிவு மாறியது. ஒரு கார்டினல் பறவை ஓவியத்தின் உரிமையை விற்றவர், பிறகு வேறொருவருக்காக இன்னொரு கார்டினலைத் தீட்டினார். ஓர் ஓவியர் தம் பாணியையும் தமக்குப் பிடித்த பொருளையும் கைவிட்டாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை என்று கருதி, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு ஆதரவாக நின்றது.

இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு தெரிகிறது. முடிந்த ஒரு படைப்பை அப்படியே மறுபடி செய்வது மீறல். அந்தப் படைப்பு எந்த ஊற்றிலிருந்து வந்ததோ அந்த ஊற்றிலேயே மீண்டும் மொள்ளுவது மீறலாகாது. ஃபோகெர்ட்டியின் பாடல் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

வழக்குச் செலவு என்ற பெரிய கேள்வி

வென்றபின் ஃபோகெர்ட்டியிடம் இருந்தது பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வழக்கறிஞர் கட்டணம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 505ஆம் பிரிவு, வென்ற தரப்புக்குச் செலவைத் தரச்சொல்லும் அதிகாரத்தை நீதிபதிக்கு வழங்குகிறது. ஆனால் கலிபோர்னியாவை உள்ளடக்கிய மேல்முறையீட்டு வட்டாரத்தில் நிலவிய விதி இரட்டை அளவுகோல் கொண்டது. வழக்குத் தொடுத்த உரிமையாளர் வென்றால் செலவு பெரும்பாலும் கிடைத்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவர் வென்றால், வழக்கு அற்பமானது அல்லது கெட்ட எண்ணத்தோடு தொடுக்கப்பட்டது என்று அவர் நிரூபிக்க வேண்டும். ஃபோகெர்ட்டிக்குச் செலவு மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் அதே முடிவு.

1994 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதிய தீர்ப்பு இரு தரப்பையும் ஒரே அளவுகோலால் அளக்கச் சொன்னது. வென்றவருக்குத் தானாகவே செலவு கிடைக்க வேண்டும் என்ற ஃபோகெர்ட்டியின் வாதத்தையும் ஏற்கவில்லை. நீதிபதியின் விருப்புரிமையே வழிகாட்டும் என்றது. பதிப்புரிமையின் இறுதி நோக்கம் மக்களுக்குப் படைப்புகள் கிடைக்கச் செய்வது. அதனால் ஒரு பாடலை நியாயமாகப் பாதுகாத்து நிற்பவரும், உரிமையை நிலைநாட்டும் உரிமையாளரைப் போலவே அந்த நோக்கத்துக்குத் துணைசெய்கிறார் என்பது தீர்ப்பின் தர்க்கம். வழக்கு கீழே திரும்பியபின் அவருக்கு ஏறத்தாழ 13.47 லட்சம் டாலர் வழங்கப்பட்டது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சதுப்பு ராக் பாணியில் தொடர்ந்து எழுதும் உரிமையை ஃபோகெர்ட்டி தமக்கும் பிறருக்கும் காத்துத் தந்தார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சட்ட மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைச் செலவுக் கணக்குக்காகவே படிக்கிறார்கள். இசைக்கு முக்கியமானது 'பிறருக்கும்' என்ற அந்தச் சொல்.

வழக்கமான வாசிப்பின் குறைகள்

ஃபோகெர்ட்டியை வெறும் பலியாளாகக் காட்டும் வாசிப்பை இந்தச் சொல் தளர்த்துகிறது. பாணி யாருக்கும் உடைமையில்லை என்றால் அது அவருக்கும் உடைமையில்லை. 1970இன் 'டிராவலின் பேண்ட்', லிட்டில் ரிச்சர்ட் பாடிய 'குட் கோலி மிஸ் மோலி'யைப் போலிருக்கிறது என்று அதன் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துக்கொள்ளப்பட்டது. அவர் செவிவழி கற்ற கறுப்பினக் கலைஞர்களில் பலர் அவரைவிட மோசமான ஒப்பந்தங்களில் சிக்கியவர்கள். இதை அவரே பின்னாளில் உணர்ந்தார். 1990 வாக்கில் மிசிசிப்பி டெல்டாவுக்குப் போய் ராபர்ட் ஜான்சனின் கல்லறைப் பக்கம் நின்றபோது, இந்தப் பாடல்களின் பத்திரம் இப்போது எந்த வழக்கறிஞரிடம் இருக்கிறதோ, யார் வைத்திருந்தாலும் இவை ராபர்ட் ஜான்சனின் பாடல்கள்தானே என்று தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். தம் பாடல்களை மீண்டும் வழக்கமாகப் பாடத் துணிந்ததற்கு அந்த எண்ணத்தையும் ஒரு காரணமாகக் குறிப்பிடுகிறார்.

அதற்கு முன் நெடுங்காலம் அவர் கிரீடன்ஸ் பாடல்களை மேடையில் பாடவே மறுத்தார். ஸாண்ட்ஸுக்குப் பணம் சேர்க்க மாட்டேன் என்பது அவர் நிலைப்பாடு. 1986இன் சுற்றுப்பயணத்தில்கூட ஒரு பழைய பாடல் இல்லை. 1987 பிப்ரவரியில் நார்த் ஹாலிவுட்டின் பாலோமினோ கிளப்பில் அவர், பாப் டிலன், ஜார்ஜ் ஹாரிசன் மூவரும் மேடையேற நேர்ந்தது. 'பிரவுட் மேரி'யைப் பாடாவிட்டால் அது டினா டர்னரின் பாட்டு என்றே உலகம் நினைத்துவிடும் என்று டிலன் அவரிடம் சொன்னார். 1971இல் ஐக் டர்னரும் டினாவும் பாடிய வடிவம் அந்தப் பாடலை வேறு ஒன்றாகவே ஆக்கியிருந்தது. டிலன் சொன்னதில் மிகையில்லை. ஃபோகெர்ட்டி பாடினார். அதே ஆண்டு ஜூலை 4இல் வியட்நாம் போர் வீரர்களுக்கான நிகழ்ச்சியில் கிரீடன்ஸ் பாடல்களை வரிசையாகப் பாடினார்.

பாடாமல் இருந்த ஆண்டுகளை ஒரு போராட்டமாகப் போற்றுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அந்த மௌனம் ஸாண்ட்ஸுக்கு ஏற்படுத்திய இழப்பு அற்பம். இசைத்தட்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன. இழந்தவர்கள் கேட்பவர்களும், குரலின் முழு வலு இருந்த நாற்பது வயதில் தம் மிகச் சிறந்த பாடல்களைத் தாமே பூட்டி வைத்த பாடகரும்தான். தம் பாடல்களை நிறுவனத்தின் சொத்தாகவே பார்க்கும் பார்வையை அந்த ஆண்டுகளில் அவரும் ஏற்றுக்கொண்டிருந்தார்.

மற்ற மூவரின் இடமும் வழக்கமான கதையில் சுருங்கிவிடுகிறது. டாம் ஃபேண்டஸியிலேயே தனி ஆல்பங்கள் செய்தார்; ஸாண்ட்ஸின் பக்கம் நின்றார். 1990இல் அவர் இறக்கும்வரை சகோதரர்களிடையே முழு இணக்கம் வரவில்லை. 1993இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் குக், கிளிஃபோர்ட் இருவரும் அரங்கில் இருக்க, ஃபோகெர்ட்டி அவர்களோடு வாசிக்க மறுத்து புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ராபி ராபர்ட்சன் ஆகியோருடன் மேடையேறினார். பிறகு குக்கும் கிளிஃபோர்டும் கிரீடன்ஸ் பெயரை ஒட்டி ஒரு குழு நடத்தியபோது, வழக்குத் தொடுத்தவர் ஃபோகெர்ட்டி. பெயர் யாருடையது என்ற கேள்வியில், முன்பு ஃபேண்டஸி நின்ற பக்கம் இப்போது அவர் நின்றார்.

மீட்பும் மறுபதிவும்

2004இல் ஃபேண்டஸியை கான்கார்டு நிறுவனம் வாங்கியது. விட்டுக்கொடுத்த ராயல்டியை மீண்டும் தரத் தொடங்கியது. ஃபோகெர்ட்டி பழைய நிறுவனப் பெயரிலேயே ஆல்பங்கள் வெளியிட்டார். 2023 ஜனவரியில் கிரீடன்ஸ் பாடல்களின் பதிப்புரிமையில் பெரும்பான்மைப் பங்கை அவர் கான்கார்டிடமிருந்து வாங்கினார். இதை ஒரு நிறுவனத்தின் பெருந்தன்மை என்று மட்டும் சொல்வது பிழை. அமெரிக்கச் சட்டப்படி, 1978க்கு முந்தைய படைப்புகளின் உரிமையை, 56 ஆண்டுகள் நிறைந்தபின் எழுதியவரோ அவர் வாரிசுகளோ அமெரிக்காவுக்குள் திரும்பக் கேட்கலாம். 1969இன் பாடல்களுக்கு அந்தக் கெடு 2025. உரிமை எப்படியும் கைநழுவப் போகும் நேரத்தில் விற்பது வணிக அறிவும்கூட.

மூல ஒலிப்பதிவுகள் மட்டும் கான்கார்டிடமே இருக்கின்றன. 1972 பிப்ரவரிக்கு முந்தைய ஒலிப்பதிவுகள் அப்போது கூட்டாட்சிப் பதிப்புரிமைக்குள் வராதவை; அதனால் 56 ஆண்டு மீட்பு வழியும் அவற்றுக்கு இல்லை. 2025 ஆகஸ்டில் ஃபோகெர்ட்டி இருபது கிரீடன்ஸ் பாடல்களைத் தம் மகன்கள் ஷேன், டைலர் ஆகியோருடன் புதிதாகப் பதிவுசெய்து வெளியிட்டார். டெய்லர் ஸ்விஃப்ட் நடந்து காட்டிய பாதை இது; பாடல்களின் தலைப்பிலேயே 'ஜானின் வடிவம்' என்று குறிக்கப்பட்டது. ஓர் ஒலிப்பதிவின் ஒலியை அப்படியே பின்பற்றி வேறொரு பதிவு செய்வதை அமெரிக்கச் சட்டம் மீறலாகக் கொள்வதில்லை. எண்பதாம் வயதில், இருபத்துநான்கில் பாடிய அதே நெளிவுகளோடு பாட முயலும் அந்த ஆல்பம் சட்டத்தின்படி முற்றிலும் முறையானது.

அது கலையாகத் தேவைதானா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பழைய பதிவுகளில் கிளிஃபோர்டின் டிரம் சற்றே பின்வாங்கி அடிக்கும் இடங்களும், டாமின் ரிதம் கிட்டார் தரும் அடர்த்தியும் புதிய பதிவில் நகலாகவே வருகின்றன. பொருளியல் பக்கமும் கேட்கப்பட வேண்டியது. இந்தப் புகழ்பெற்ற பாடல்களில் எழுத்தாளர் பங்கு ஃபோகெர்ட்டிக்கு மட்டுமே உண்டு. குக், கிளிஃபோர்ட், டாம் ஆகியோரின் உழைப்பு பதிந்திருப்பது 1968க்கும் 1972க்கும் இடைப்பட்ட அந்த ஒலிப்பதிவுகளில் மட்டும்தான். விளம்பரத்துக்கும் திரைப்படத்துக்கும் இனிப் புதிய வடிவமே போகுமானால், பழைய குழுவின் மற்ற மூன்று பங்குகளும் கணக்கிலிருந்து மெல்ல விலகும்.